மீன்பிடி படகுக்கு எந்த பேட்டரி வாங்கலாம்? விலையைப் பார்க்காதீங்க, ஒரு நாள் செலவைப் பாருங்க!

இந்தப் பதிவை நான் ஒரு மன்னிப்போட ஆரம்பிக்கிறேன். தப்பான ஆலோசனை சொன்னது வேற யாரும் இல்லை, நான்தான்.

எங்க ஊர் மேலகரம். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவுல இருக்கு. கடல் இல்லாத ஊர்ல படகு பேட்டரி பற்றி என்ன பேச்சுன்னு சிலர் நினைக்கலாம். எங்க பக்கம் குளம் நிறைய. குளத்துல மீன்பாசி குத்தகை எடுத்துப் பிழைக்கிறவங்களும் நிறைய. என் சித்தப்பா மகன் அப்படித்தான் ரெண்டு கூட்டாளிகளோட சேர்ந்து ஒரு குளத்தை 3 வருஷக் குத்தகைக்கு எடுத்தான். வீட்டு நகையை அடகு வெச்ச பணம். பழைய ஃபைபர் படகு ஒண்ணும், செகண்ட் ஹேண்ட்ல ஒரு ட்ரோலிங் மோட்டாரும் கொச்சி பக்கத்துல இருந்து வாங்கிட்டு வந்தாங்க.

பேட்டரி வாங்கும்போது எனக்கு ஃபோன் பண்ணினான். நான் ஏதோ வேலையில இருந்தேன். "எது விலை கம்மியோ அதை வாங்குடே, பேட்டரியில என்ன இருக்கு"ன்னு சொல்லிட்டேன். அவன் 5,500 ரூபாய்க்கு ஒண்ணுன்னு ரெண்டு கார் பேட்டரி வாங்கினான். மொத்தம் 11,000.

நாலாவது மாசம் ஒரு விடியக்காலை. வலையை எடுத்து மீனைப் படகுல போட்டாச்சு. கரைக்குத் திரும்பும்போது நடுக்குளத்துல மோட்டார் நின்னு போச்சு. துடுப்பும் எடுத்துட்டுப் போகல. எதிர்க்காத்து வேற. கையால தண்ணியைத் தள்ளித் தள்ளி கரைக்கு வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆச்சு. அதுக்குள்ள ஐஸ் பெட்டியோட வந்த வியாபாரி கிளம்பிட்டார். அன்னைக்கு மீன் ஊருக்குள்ள பாதி விலைக்குத்தான் போச்சு.

சாயங்காலம் ஃபோன் பண்ணினான். "அண்ணே, பேட்டரி ரெண்டும் செத்துட்டு. லித்தியம் 36 ஆயிரம் சொல்லுதாவ. கடன் வாங்கிப் போட்டுரட்டுமா?"

இந்த முறை உடனே பதில் சொல்லல. நோட்டை எடுத்துட்டு ரெண்டு பேரும் உட்கார்ந்தோம். அந்தக் கணக்குதான் இந்தப் பதிவு. படகு இல்லாதவங்களும் படிங்க. வீட்டு இன்வெர்ட்டர், இ-ஆட்டோ, சோலார் எல்லாத்துக்கும் இதே கணக்குதான்.

முதல்ல, ட்ரோலிங் மோட்டார்னா என்ன?

ஜூன் 10-ல இருந்து ஜூலை 31 வரைக்கும் கேரளாவுல "ட்ரோலிங் தடை"ன்னு டிவியில சொல்றதை எங்க எல்லைப் பக்கத்து ஆட்கள் கேட்டிருப்பீங்க. அது வேற. அது கடல்ல விசைப்படகு இழுவலை போட்டு மீன் பிடிக்கிறதுக்கான தடை. நம்ம தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் இருக்கிற தடை மாதிரி.

ட்ரோலிங் மோட்டார்ங்கறது சின்னப் படகுக்கான மின்சார மோட்டார். பேட்டரியில ஓடும், சத்தம் வராது, புகை வராது. 1934-ல அமெரிக்காவுல ஃபார்கோ ஊர்க்காரர் ஓ.ஜி. ஷ்மிட் இதை உருவாக்கினார். மின்னசோட்டா, டகோட்டா மாநிலங்களோட எல்லையில இருக்கிற ஊர்ங்கறதால "மின் கோட்டா"ன்னு பேர் வெச்சார். அந்தப் பேர்ல இன்னைக்கும் மோட்டார் விக்குது.

இதோட சக்தியை குதிரைத் திறன்ல சொல்ல மாட்டாங்க, "பவுண்டு த்ரஸ்ட்"ன்னு சொல்வாங்க. அதாவது தண்ணியை எவ்வளவு பலமா பின்னால தள்ளுதுங்கறது. ஞாபகம் வெச்சுக்க ஒரு சுலபமான வழி: 12 வோல்ட் மோட்டார்ல முழு வேகத்துக்கு, ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய ஒரு ஆம்பியர் இழுக்கும். தம்பி மோட்டார் 55 பவுண்டு. முழு வேகத்துல 50 ஆம்பியர் கிட்ட இழுக்குது.

கார் பேட்டரி ஏன் நாலே மாசத்துல செத்துச்சு?

பேட்டரி மோசமில்லை. அது செய்யற வேலை வேற.

கார் பேட்டரியோட வேலை செல்ஃப் அடிக்கிறது. சில விநாடிக்கு நூத்துக்கணக்கான ஆம்பியரைக் கொட்டணும். எஞ்சின் ஓடினதும் ஆல்டர்னேட்டர் உடனே சார்ஜை நிரப்பிடும். இதுக்காக உள்ள நிறைய மெல்லிய பிளேட் வெச்சிருப்பாங்க. நூறு மீட்டர் ஓட்டக்காரன் மாதிரி.

ட்ரோலிங் மோட்டாருக்கு வேண்டியது நாள் முழுக்க மூட்டை தூக்குற ஆள். மணிக்கணக்கா கரண்ட் குடுத்து, பாதிக்கு மேல காலியாகி, மறுபடி நிரம்பி, மறுநாளும் அதே வேலையைச் செய்யணும். இதைத்தான் டீப் சைக்கிள்னு சொல்றாங்க. மெல்லிய பிளேட்டை தினமும் இப்படிக் காலி பண்ணினா அதுல இருக்கிற மருந்து உதிர்ந்து அடியில தங்கிடும். தம்பி நோட்டுல எழுதி வெச்சிருந்தான்: சரியா 80 நாள்.

டீப் சைக்கிள் வேலைக்கு நம்ம ஊர்ல கிடைக்கிறது மூணு வகை:

1. ட்யூபுலர் பேட்டரி. வீட்டு இன்வெர்ட்டர்ல பார்த்திருப்பீங்க. பாசிட்டிவ் பிளேட்டுக்குப் பதிலா குழாய் குழாயா இருக்கும். மருந்து குழாய்க்குள்ள இருக்கறதால சீக்கிரம் உதிராது. ஆசிட் இருக்கும், டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தணும்.

2. சீல் பண்ணின ஏஜிஎம் பேட்டரி. தண்ணி ஊத்த வேண்டாம், சாய்ஞ்சாலும் ஆசிட் வழியாது. அலை அடிக்கிற இடத்துக்கு நல்லது. ஆனா அதே அளவு ட்யூபுலரைவிட விலை கூட, தினமும் ஆழமா காலி பண்ணினா அந்த அளவு தாங்காது.

3. லித்தியம் அயர்ன் பாஸ்பேட், சுருக்கமா எல்எஃப்பி. எடை ரொம்பக் குறைவு. 100 ஏஹெச் பேட்டரி 11-ல இருந்து 13 கிலோதான். 150 ஏஹெச் ட்யூபுலர் ஆசிட்டோட சேர்ந்து 50 கிலோவைத் தாண்டும்.

உங்க படகுல எலக்ட்ரிக் ஸ்டார்ட் வெச்ச பெட்ரோல் எஞ்சினும் இருந்தா, அதுக்கு கார் பேட்டரி மாதிரி ஸ்டார்ட்டிங் பேட்டரி தனியா வையுங்க. ரெண்டு வேலைக்கும் ஒரே பேட்டரியைப் போட்டா, மோட்டார் காலி பண்ணின பிறகு எஞ்சினும் ஸ்டார்ட் ஆகாது.

பேட்டரி மேல எழுதியிருக்கிற ஏஹெச் முழுசா கிடைக்காது

இங்கதான் நிறையப் பேர் ஏமாறுறாங்க. 150 ஏஹெச்னு எழுதியிருந்தா, 50 ஆம்பியர் மோட்டார் 3 மணி நேரம் ஓடும்னு கணக்குப் போடுவோம். ஓடாது.

நம்ம ஊர் இன்வெர்ட்டர் பேட்டரியில "சி20"ன்னு சின்னதா போட்டிருக்கும். அந்த 150-ங்கறது 20 மணி நேரத்துல மெதுவா எடுத்தா கிடைக்கிற அளவு. அதாவது 7.5 ஆம்பியர். வேகமா எடுத்தா மொத்தமும் குறைஞ்சுடும். லெட் ஆசிட் பேட்டரியோட இந்தக் குணத்தை 1897-ல ஜெர்மனியோட வில்ஹெல்ம் பொய்க்கெர்ட் கணக்கா எழுதி வெச்சார். அந்தக் கணக்குப்படி 150 ஏஹெச் ட்யூபுலர்ல:

- 20 ஆம்பியரா எடுத்தா, தோராயமா 115-ல இருந்து 120 ஏஹெச் கிடைக்கும்.
- 50 ஆம்பியரா எடுத்தா, தோராயமா 95 ஏஹெச்தான்.

அதுலயும் முழுசா காலி பண்ணக் கூடாது. லெட் ஆசிட்டை பாதி வரைக்கும் பயன்படுத்தினா நல்ல ஆயுசு. 60 சதவீதம் போனா ஆயுசு கொஞ்சம் குறையும். 80 சதவீதம் போனா ரொம்பக் குறையும். லித்தியத்துக்கு இந்தத் தொந்தரவு கம்மி. வேகமா எடுத்தாலும் ஏறக்குறைய முழு அளவும் வரும், 80 சதவீதம் தாராளமா பயன்படுத்தலாம். 100 ஏஹெச் லித்தியமும் 150 ஏஹெச் ட்யூபுலரும் கிட்டத்தட்ட ஒரே வேலைக்கு ஆகிறது இதனாலதான்.

உங்க தேவையை அளந்து எழுதுங்க

கடைக்குப் போறதுக்கு முன்னாடி இந்த ஒரு வேலையைச் செய்யுங்க. தெரிஞ்ச எலக்ட்ரீசியன்கிட்ட டிசி கிளாம்ப் மீட்டர் வாங்கி, வழக்கமா ஓட்டுற வேகத்துல எவ்வளவு ஆம்பியர் இழுக்குதுன்னு பாருங்க. சாதாரண கிளாம்ப் மீட்டர் ஏசிக்கு மட்டும்தான் வேலை செய்யும், டிசி அளக்கிறதாப் பார்த்து வாங்கணும்.

தம்பி முழு வேகத்துல எப்பவும் ஓட்டறதில்லை. நடுத்தர வேகத்துல 20 ஆம்பியர் வந்துச்சு. காலையில வலை எடுக்க, சாயங்காலம் வலை போட, தீனி போடன்னு ஒரு நாளைக்கு மொத்தம் மூன்றரை மணி நேரம்.

20 ஆம்பியர் × 3.5 மணி = 70 ஏஹெச்.

70-ஐ 12 வோல்ட்டால பெருக்கினா 840 வாட் ஹவர். சார்ஜ் பண்ணும்போது வீணாகிறதையும் சேர்த்தா ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல கரண்ட். வருஷத்துல எத்தனை நாள் ஓடும்? கோடையில குளம் வத்திடும். நடுவுல நல்லது கெட்டது இருக்கும். 200 நாள்னு எடுத்துக்கிட்டோம். குத்தகை 3 வருஷம். ஆக மொத்தம் 600 நாள்.

இந்த ரெண்டு எண்ணும், அதாவது 70 ஏஹெச்சும் 600 நாளும், கைக்கு வந்த பிறகுதான் பேட்டரி விலையையே பேச ஆரம்பிச்சோம்.

மூணு பேட்டரி, 600 நாள்: கணக்கு இதோ

கீழ இருக்கிற விலை எங்களுக்குச் சொன்னது. எத்தனை முறை சார்ஜ் தாங்கும்ங்கறது நான் கொஞ்சம் குறைச்சே எடுத்துக்கிட்ட அளவு. உங்க ஊர் விலையைப் போட்டு நீங்களும் பாருங்க. கணக்குப் போடுற முறைதான் முக்கியம்.

கார் பேட்டரி, ரெண்டு:
- விலை 11,000. பழசைப் போட்டா 2,000 கிடைக்கும். நிகரம் 9,000.
- தாங்கினது 80 நாள். 600 நாளுக்கு 8 செட் வேணும்.
- மொத்தம் 72,000. ஒரு நாளைக்கு 120 ரூபாய்.

ட்யூபுலர் 150 ஏஹெச், ஒண்ணு:
- விலை 16,000, சார்ஜர் 3,500. கடைசியில பழசுக்கு 3,000 கிடைக்கும். நிகரம் 16,500.
- தினமும் 60 சதவீதம் காலியாகும். 700 முறை தாங்கும்னு எடுத்துக்கிட்டேன். 600 நாளுக்கு ஒரே பேட்டரி போதும்.
- ஒரு நாளைக்கு 27 ரூபாய் 50 காசு.

லித்தியம் 100 ஏஹெச், ஒண்ணு:
- சார்ஜரோட 36,000.
- தினமும் 70 சதவீதம் காலியாகும். 2,000 முறைக்கு மேல தாங்கும். ஆனா நமக்கு வேண்டியது 600 நாள்தான்.
- 600 நாளுக்கு மட்டும்னா ஒரு நாளைக்கு 60 ரூபாய்.
- அதே பேட்டரி 8 வருஷம், 1,600 நாள் ஓடினா ஒரு நாளைக்கு 22 ரூபாய் 50 காசு.

பார்த்தீங்களா? வாங்கும்போது விலை கம்மியா இருந்த 11,000 ரூபாய் பேட்டரிதான் ஒரு நாள் செலவுல எல்லாத்தையும்விட அதிகம். நான் சொன்ன ஆலோசனை எவ்வளவு தப்புன்னு இந்த 120 ரூபாயைப் பார்த்த பிறகுதான் உறைச்சுது.

பேட்டரியோட ஆயுசும் வருமானத்தோட ஆயுசும் பொருந்தணும்

இப்ப நிறைய வீடியோவுல "லித்தியம்தான் பெஸ்ட், கண்ணை மூடிட்டு வாங்குங்க"ன்னு சொல்றாங்க. பேட்டரியா பார்த்தா அது உண்மைதான். ஆனா பணமா பார்த்தா அது உங்க தொழிலைப் பொறுத்தது.

செங்கோட்டை வழியா மலையைத் தாண்டி கேரளாவுக்குப் போனா, வேம்பநாட்டுக் காயல்ல வைக்கம் ஊர்ல இருந்து தவணக்கடவுக்கு "ஆதித்யா"ன்னு ஒரு சோலார் படகு ஓடுது. 75 பேர் போகலாம். கேரள அரசு நீர்ப் போக்குவரத்துத் துறை 2017 ஜனவரியில விட்டது. இந்தியாவோட முதல் சோலார் பயணிகள் படகு. அதுல லித்தியம் பேட்டரிதான். ஏன் அது சரி? தினமும் ஓடும், ஒரு நாளைக்குப் பல ட்ரிப் ஓடும், அடுத்த வருஷமும் அதே வழித்தடம் இருக்கும். பேட்டரியோட ஒவ்வொரு நாளும் வருமானமா மாறிடும்.

இந்தப் பக்கம் நம்ம குற்றாலத்துக்கு வாங்க. ஐந்தருவி போற வழியில வெண்ணமடை குளத்துல படகு குழாம் இருக்கு. சாரல் அடிச்சு குளம் நிறைஞ்சாத்தான் அங்க படகு ஓடும். மிதிபடகும் துடுப்புப் படகும்தான், பேட்டரியே கிடையாது. வருஷத்துல சில மாசம் மட்டும் ஓடுற இடத்துல விலை கூடின பேட்டரியைப் போட்டா, மீதி மாசமெல்லாம் அது சும்மா கிடந்து வயசாகும்.

தம்பியோட நிலைமை இது ரெண்டுக்கும் நடுவுல. மூணு வருஷம் கழிச்சு ஏலத்துல குளம் வேற ஆளுக்குப் போயிட்டா, 8 வருஷம் ஓடுற பேட்டரியை வெச்சு என்ன பண்றது? 3 வருஷ வருமானத்துக்கு 8 வருஷச் சாமான் வாங்கினா, மிச்ச 5 வருஷத்துக்கும் நாமதான் முன்பணம் கட்டியிருக்கோம்னு அர்த்தம்.

அப்போ லித்தியம் யாருக்கு லாபம்?

- வருஷம் 300 நாள் ஓடுறவங்களுக்கு. 8 வருஷத்துல 2,400 நாள். ஒரு நாளைக்கு 15 ரூபாய்தான். அதே ஓட்டத்துக்கு ட்யூபுலர் ரெண்டேகால் வருஷத்துல முடிஞ்சிடும், சார்ஜர் இல்லாமலே ஒரு நாளைக்கு 18, 19 ரூபாய் ஆகும்.
- குளமோ பண்ணையோ சொந்தமா இருக்கறவங்களுக்கு.
- படகு ரொம்பச் சின்னது, 50 கிலோ பேட்டரி ஏத்தினா ஆபத்துங்கறவங்களுக்கு. இங்க காசுக்கு முன்னாடி உயிர்.
- தினத் தேவை 70-ஐ விடக் கூடி, ட்யூபுலர் ரெண்டு வைக்கணும்னு வர்றவங்களுக்கு. ரெண்டு ட்யூபுலர் 32,000, எடை 100 கிலோவுக்கு மேல. அப்ப லித்தியம் பக்கம் போறதுதான் நல்லது.

கடன் வாங்கி பேட்டரி வாங்கலாமா?

தம்பி கேட்ட முக்கியமான கேள்வி இதுதான். ஊர்ல அவனுக்குக் கிடைக்கிற கடன் மூணு வட்டி. அதாவது நூறு ரூபாய்க்கு மாசம் மூணு ரூபாய்.

36,000-க்கு மாசம் 1,080. ஒரு வருஷத்துக்கு 12,960 ரூபாய் வட்டி மட்டும், அசல் அப்படியே நிக்கும். 200 நாளால வகுத்தா ஒரு நாளைக்கு 65 ரூபாய்! பேட்டரியோட ஒரு நாள் செலவே 60-தான். வட்டி அதைத் தாண்டிடுச்சு. லித்தியம் எவ்வளவு நல்லதா இருந்தாலும் மூணு வட்டி அதைத் தின்னுடும்.

அதே 36,000 நகைக்கடன்ல வருஷம் 10 சதவீதம்னு கிடைச்சா வட்டி 3,600. ஒரு நாளைக்கு 18 ரூபாய். இது தாங்கும். ஆனா தம்பி வீட்டு நகை ஏற்கெனவே அடகுல இருக்கு.

அதனால எங்க முடிவு: இப்போதைக்கு ட்யூபுலர். கையில இருந்ததும், கூட்டாளிகள் போட்டதும், பழைய பேட்டரிக்குக் கிடைச்ச 2,000-மும் சேர்த்து கடன் இல்லாமலே வாங்கியாச்சு.

கடைக்குப் போகும்போது கவனிக்க வேண்டியது

1. வாரண்டியைப் பிரிச்சுக் கேளுங்க. "60 மாசம்"னு பெரிசா எழுதி, கீழ "36+24"னு இருக்கும். முதல் 36 மாசம்தான் மாத்திக் குடுப்பாங்க. அடுத்த 24 மாசத்துக்குப் புதுசு வாங்கும்போது தள்ளுபடி மட்டும்தான்.

2. எந்தப் பயன்பாட்டுக்கு வாரண்டின்னு படிங்க. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வருஷக்கணக்கா வாரண்டி தர்ற கம்பெனிகளே இ-ரிக்‌ஷா பேட்டரிக்கு அதைவிட ரொம்பக் குறைவாத்தான் தர்றாங்க. ஏன்னா அது தினமும் காலியாகுற வேலை. உங்க படகும் இ-ரிக்‌ஷா மாதிரிதான். வாரண்டியை நம்பி கணக்குப் போடாதீங்க. படகுக்குப் போடப் போறேன்னு சொல்லியே கேளுங்க, பில்லுல எழுதி வாங்குங்க.

3. தயாரிப்பு மாசம் பாருங்க. கடையில மாசக்கணக்கா சும்மா கிடந்த லெட் ஆசிட் பேட்டரி ஏற்கெனவே பலவீனமாயிருக்கும்.

4. ஜிஎஸ்டி மாறியிருக்கு. 2025 செப்டம்பர் 22-க்கு முன்னாடி லெட் ஆசிட் பேட்டரிக்கு 28 சதவீதம், லித்தியத்துக்கு 18 சதவீதம். இப்ப ரெண்டுக்கும் 18-தான். அதுக்கு முன்னாடி வந்த விலை ஒப்பீட்டு வீடியோக்களை அப்படியே நம்பாதீங்க.

5. பழைய பேட்டரியைக் காயலான் கடையில சும்மா தூக்கிப் போடாதீங்க. அதுல இருக்கிற ஈயத்துக்கு விலை உண்டு, எக்ஸ்சேஞ்ச்ல கழிச்சுத் தருவாங்க. ஆசிட்டைக் குளத்துலயோ வாய்க்கால்லயோ கொட்டவே கூடாது.

6. லித்தியம் வாங்கினா அதுக்குரிய சார்ஜரும் சேர்த்து விலை கேளுங்க. லெட் ஆசிட் சார்ஜரை அதுல மாட்டக் கூடாது.

படகுல வைக்கும்போது

பேட்டரியை பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள வெச்சு, படகோட நடுவுல, அடியில, பெல்ட் போட்டுக் கட்டுங்க. உயரமான ட்யூபுலர் சாய்ஞ்சா ஆசிட் வழியும். பேட்டரி பக்கத்துலயே ஒரு 60 ஆம்பியர் டிசி பிரேக்கர் போடுங்க. புரொப்பல்லர்ல வலை சுத்தி மோட்டார் மாட்டிக்கிட்டா வயர் எரியாம காப்பாத்துறது அதுதான். மெல்லிய வயர் வேண்டாம், சூடாகும்.

பழைய பேட்டரியையும் புதுசையும் ஒண்ணா இணைக்காதீங்க. பழசு புதுசையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிடும்.

லெட் ஆசிட்டை ஓட்டின அன்னைக்கே சார்ஜ் போடணும். அரைகுறையா விட்டு வெச்சா பிளேட்ல சல்ஃபேட் படிஞ்சு இறுகிடும். கோடையில படகு ஓடாத மாசத்துல முழு சார்ஜ்ல வெச்சு, மாசம் ஒரு தடவை ஏத்துங்க. லித்தியம்னா நேர் எதிர். பாதி சார்ஜ்ல வெச்சு மூடி வைக்கிறது நல்லது.

சார்ஜ் போடுற இடம் காத்தோட்டமா இருக்கணும். லெட் ஆசிட் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்துல பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் கூடாது.

குளத்துப் பக்கம் பம்ப்செட் ரூம் இருக்குன்னு அதுல சொருகாதீங்க. அது விவசாயத்துக்குக் குடுக்கிற இலவச மின்சாரம், வேற வேலைக்கு எடுத்தா சிக்கல் வரும். வீட்டுல போட்டா ரெண்டு மாசத்துக்கு 40 யூனிட் மாதிரி கூடும். ஏற்கெனவே 500 யூனிட் பக்கத்துல இருக்கற வீடுன்னா கவனம், அதைத் தாண்டினா ஸ்லாப் கணக்கே மாறிடும்.

சார்ஜ் எவ்வளவு மிச்சம்னு தெரிய ஒரு வோல்ட் மீட்டர் போதும். ஓட்டம் நிறுத்திக் கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்த்தா, லெட் ஆசிட்ல 12.7 வோல்ட்னா முழுசு, 12.2 கிட்ட வந்தா பாதி. லித்தியத்துல இது சரிவராது. கடைசி வரைக்கும் ஒரே வோல்ட் காட்டிட்டு, பிஎம்எஸ் திடீர்னு கட் பண்ணிடும். அதுக்கு ஆம்பியரை எண்ணுற மீட்டர்தான் வேணும்.

எந்த பேட்டரியா இருந்தாலும் சரி, துடுப்பும் லைஃப் ஜாக்கெட்டும் இல்லாம குளத்துல இறங்காதீங்க. தம்பி படகுல இப்ப துடுப்பு ரெண்டு இருக்கு.

கடைசியா ஒரு உண்டியல்

பேட்டரி ஒரு நாள் செத்தே தீரும். அது திடீர்ச் செலவு இல்லை, நாள் குறிச்சு வர்ற செலவு. அதுக்குக் கடன் வாங்குறதுதான் நம்ம தப்பு.

ட்யூபுலரோட ஒரு நாள் செலவு 27 ரூபாய் 50 காசு. அதை 30-ஆ வெச்சுக்கிட்டோம். மீன் வித்த காசை மூணு பேரும் பங்கு பிரிக்கிறதுக்கு முன்னாடி, தினமும் 30 ரூபாயை ஒரு பழைய ஹார்லிக்ஸ் டப்பாவுல போடணும். இதுதான் ஒப்பந்தம். 600 நாள்ல 18,000 ஆகும். அடுத்த பேட்டரிக்கு யார்கிட்டயும் கை நீட்ட வேண்டாம். குளம் அடுத்த ஏலத்துலயும் கிடைச்சு, குத்தகை நீண்டா, அந்தக் காசோட கொஞ்சம் சேர்த்து லித்தியத்துக்குப் போகலாம். கிடைக்கலன்னா அந்த 18,000 அவங்க லாபம்.

புது பேட்டரி போட்டு 80-ஆவது நாள், தம்பியே ஃபோன் பண்ணினான். "அண்ணே, அந்தக் கார் பேட்டரி இத்தனாவது நாள்தான் செத்துச்சு. இது இன்னும் ஓடுது. டப்பாவுல 2,400 கெடக்கு."

உங்க வீட்டு இன்வெர்ட்டருக்கோ வண்டிக்கோ பேட்டரி மாத்தப் போறீங்களா? இன்னைக்கே ஒரு பேப்பர்ல மூணு எண் எழுதுங்க: தினத் தேவை எத்தனை ஏஹெச், வருஷத்துக்கு எத்தனை நாள், அந்த வருமானம் எத்தனை வருஷம் நிச்சயம். அந்த மூணையும் கமெண்ட்ல போடுங்க, சேர்ந்து கணக்குப் பார்க்கலாம்.